காசியம்மாள் கேட்ட சீட்டு

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. போன மாதம் தேரடித் தெருவில் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் என்னை மடக்கினார். பத்திரிகையில் வந்த என் இரண்டு சின்னக் கதைகளையும் படித்தவர். "சார், அந்தத் தண்ணி சமாச்சாரத்தை எழுதுங்க சார். பாட்டில் பாட்டிலா கட்டிக்கிட்டு மலையைச் சுத்தி வந்தீங்களே, அதை. விழுந்து விழுந்து சிரிக்கலாம்" என்றார். அவர் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தண்ணீர்க் கதை எழுதுவது சுலபம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் தண்ணீருக்குப் பின்னாலேயே ஒரு புல்லுக்கட்டு வருகிறது. புல்லுக்கட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டாங்குச்சி வருகிறது. அந்தக் கொட்டாங்குச்சியைப் பற்றி ஆறு வருஷமாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அதற்குச் சற்று முன்னால் வந்து கிழித்துப் போட்டேன். இது நாலாவது. இதைக் கிழிக்க முடியாது, ஏனென்றால் பக்க எண் அச்சடித்த ஆபீஸ் நோட்டில் எழுதுகிறேன். ஒரு தாள் குறைந்தாலும் கேள்வி வரும்.

என் பெயர் சகாதேவன். கால்நடை ஆஸ்பத்திரியில்* ரத்தம், சாணம், பால் பரிசோதிக்கிற ஆள். டாக்டர் இல்லை. ஊரில் பாதிப்பேர் டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள், நானும் திருத்துவதில்லை.

அவசரம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்து வைத்து வாசகரை இழுக்கிற வித்தை எனக்குத் தெரியாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் தீபம். தீபத்துக்கு மாட்டுச் சந்தை கூடும். சந்தை மாடுகளுக்குப் புல் போடுகிறவர்களின் பட்டியல் வரும் திங்கட்கிழமை முடிவாகிறது. அதில் காசியம்மாள் என்ற பெயரை ஆறு வருஷமாக அடித்துக்கொண்டே வருகிறார்கள். இந்த வருஷமும் அடிக்கக்கூடாது. இன்றைக்குச் சனிக்கிழமை.

* எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தெரு என்று தேடாதீர்கள். இந்தக் கதைக்காக நானே கட்டிய ஆஸ்பத்திரி. ஓடு மட்டும் கொஞ்சம் ஒழுகும்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"ஐப்பசி மழையில் குளித்தெழுந்த அண்ணாமலை, கருநீலப் பட்டுடுத்தி..."

(சே. இந்த ஊரில் மலையைத் தொடாமல் ஒரு வாக்கியம் எழுத எவனாலும் முடியவில்லை. மலை எங்கேயும் போய்விடாது. மாடு போய்விடும்.)

இரண்டாவது:

"ராஜேந்திரனின் பசு செத்த அன்று அவன் மனைவி கொட்டகைத் தூணைக் கட்டிக்கொண்டு..."

(அவன் மனைவி எதைக் கட்டிக்கொண்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே இல்லை.)

மூன்றாவது:

"மாட்டின் மூத்திரம் காபி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது."

இதை வைத்துக்கொள்கிறேன். இதை என் கண்ணால் பார்த்தேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம். காய்ந்து கிடந்த பூமியில் புரட்டாசியிலேயே மழை பிடித்து, வேங்கிக்கால் ஏரிக்கரை முழுக்கப் புல். அப்போது ஒரே தெருவில் பத்து நாளுக்குள் இரண்டு கலப்பின ஜெர்சிப் பசுக்கள் செத்துப்போயின. ஒன்று ராஜேந்திரனுடையது. மற்றது அவன் அண்ணனுடையது. காய்ச்சல், தீனி எடுக்காது, மூத்திரம் சிவக்கும், கண் வெளுக்கும், நாலாம் நாள் சாவு. மூன்றாவதாகப் படுத்தது தர்மவதி டீச்சருடைய ஜெர்சி.

தர்மவதி டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவர். வந்தவாசிப் பக்கம் ஜைன கிராமத்திலிருந்து வந்த குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டார், தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்கமாட்டார், வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் படிப்பார். வீட்டில் இரண்டு மாடு. ஒன்று கிழட்டு நாட்டுமாடு, அதற்கு ஒரு நோயும் வந்ததில்லை. இன்னொன்று இந்த ஜெர்சி.

செத்த இரண்டு மாட்டுக்கும் படுத்த ஒன்றுக்கும் புல் போட்டவள் ஒருத்தியே. காசியம்மாள். ஏரிக்கரையில் புல் அறுத்துத் தலைச்சுமையாக அந்தத் தெருவுக்குக் கொண்டுவந்து விற்பாள். கரைக்குக் கீழே வயலில் அப்போதுதான் நெல்லுக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். இதற்கு மேல் தெருவுக்கு என்ன வேண்டும்?

3

இப்போது நான் செய்த மடத்தனம்.

மாட்டின் காது நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லிசாக இழுத்துப் பூசுவோம். ஸ்பிரிட்டில் நனைத்துக் காயவைத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். ரத்தத்துக்குள் பூச்சி இருந்தால் தெரியும். சாயத்தைக் கரைக்கச் சுத்தமான டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். அது வேலூரிலிருந்து வரவேண்டும். வரவில்லை. நான் ஆஸ்பத்திரி அடிபம்புத் தண்ணீரில் கரைத்தேன்.

டீச்சர் மாட்டின் ரத்தத்தைப் பார்த்தேன். நீலமாகக் குழம்பிக் கிடந்தது. புதன்கிழமை காலை. டாக்டர் கோமாரித் தடுப்பூசி முகாமுக்குச் செங்கம் பக்கம் போயிருந்தார், வெள்ளிக்கிழமைதான் வருவார். வாசலில் ராஜேந்திரன், அவன் அண்ணன், தெருவில் மாடு வைத்திருக்கும் இன்னும் ஏழெட்டுப் பேர். ஒரு பக்கமாக டீச்சர். புல்லுக்கட்டோடு காசியம்மாள். அவளை அவர்கள்தான் வழியில் மறித்துக் கூட்டி வந்திருந்தார்கள்.

"இன்னா சார், ரத்தத்துல இன்னா கீது?" என்றான் ராஜேந்திரன்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் என்னை டாக்டர் மாதிரிப் பார்க்கும்போது அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை.

"ரத்தத்துல ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"கேட்டுக்குங்க எல்லாரும்! ரத்தத்துல ஒண்ணும் இல்லியாம். அப்புறம் இன்னா? மருந்துதான். மருந்தடிச்ச புல்லை அறுத்தாந்து எங்க மாட்டுக்குப் போட்டு வாரிக்கினு போயிட்டா!"

4

காசியம்மாள் என்ற பாத்திரத்தோடு எனக்குத் தகராறு. கிழித்துப் போட்ட மூன்று பிரதிகளிலும் அவள் இந்த இடத்தில் அழுதாள். "நான் ஒரு பாவமும் அறியேன் சாமி" என்று காலில் விழுந்தாள். ஏழைப் பெண் என்றால் அழவைத்துவிடலாம் என்று என் கை தானாகவே எழுதுகிறது. உண்மையில் அவள் அழவே இல்லை.

கட்டைக் கீழே போட்டாள். நடுவிலிருந்து ஒரு கைப்பிடி புல்லை உருவினாள். வாயில் வைத்துக் கடவாய்ப் பல்லால் அரைத்தாள். அரைத்துக்கொண்டே ராஜேந்திரனைப் பார்த்தாள். விழுங்கிவிட்டு இன்னொரு கைப்பிடி உருவினாள்.

"மருந்துப்புல்லுதானே தம்பி? பாத்துக்க, துன்னுட்டேன். வெள்ளிக்கிழம வரிக்கும் இங்கியே ஒக்காந்துகினு இருக்கேன். செத்தா தூக்கிப் போடுங்க. சாவலன்னா அப்ப இன்னா பேசுவீங்கோ?"

ராஜேந்திரன் ஒரு அடி பின்னால் போனான். ஆனால் அவனும் மாட்டைப் பறிகொடுத்தவன், அவனை வில்லனாக எழுத எனக்கு மனசில்லை. "டாக்டர் வரட்டும். அவரும் இதையே சொன்னாருன்னா நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். என் பசு சும்மா சாவல" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் காசியம்மாள் ஜன்னல் பக்கம் வந்தாள். பல்லிடுக்கில் பச்சை.

"சார், நீங்க ஒழுங்காப் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"கோச்சிக்காதீங்க. இன்னொருவாட்டி பாருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு. புல் அறுக்கிறவள் எனக்குச் சொல்கிறாள். கோபத்தோடேயே போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. ரத்தத்தில் வெள்ளை அணு என்று ஒன்று உண்டு. சாயம் சரியாக ஏறினால் அதன் நடுப்பகுதி ஊதாவாக நிற்கும். பூச்சியைவிட எத்தனையோ மடங்கு பெரிசு. அதுவே இந்தக் கண்ணாடியில் தெரியவில்லை. அது தெரியாத கண்ணாடியில் பூச்சி எங்கே தெரியும்? தப்பு ரத்தத்தில் இல்லை, என் தண்ணீரில்.

இதை வெளியே போய் அவளிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். இல்லை. "மறுபடி பாக்கறேன், இரு" என்று மட்டும் சொன்னேன்.

5

(சிரிக்கலாம் என்று ஒருவர் கேட்டாரே, அந்தப் பகுதி இதுதான். ஒழுங்காகச் சிரித்துக்கொள்ளுங்கள்.)

ரத்தம் பூசி ஸ்பிரிட்டில் நனைத்துக் காயவைத்த கண்ணாடிகள் பன்னிரண்டு மீதி இருந்தன. ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு கண்ணாடி. நல்ல தண்ணீர் எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்.

பஸ் ஸ்டாண்டு பேட்டரிக் கடைக்காரனிடம் போனேன். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் கொடுத்தான். அவனுடைய புனலில் ஆசிட் ஒட்டியிருந்ததோ என்னவோ, கண்ணாடி பூராவும் குங்குமமாகிவிட்டது. ஒன்று போச்சு. நகராட்சிக் குழாய். மறுபடி நீலம். ஓட்டில் தேங்கிய மழைத்தண்ணீர். புறா எச்சம். மூன்று போச்சு. விஷயம் கேள்விப்பட்டு டீச்சர் ஒரு செம்பு கொண்டுவந்தார். "எங்க வீட்ல வடிகட்டின தண்ணிங்க சார், இதுல பாருங்களேன்." துணி தூசியை நிறுத்தும், சுண்ணாம்பை நிறுத்தாது. நாலு போச்சு. அதை அவரிடம் சொல்ல மனசில்லாமல் "பரவால்ல டீச்சர், கொஞ்சம் தேவல" என்றேன். இந்தக் கதையில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அது. சின்னது.

வியாழக்கிழமை விடிந்ததும், கழுவிய பென்சிலின் பாட்டில்களைப் பையில் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு மலையைச் சுற்றக் கிளம்பினேன். வழியில் இருக்கிற ஒவ்வொரு தீர்த்தத்திலும் ஒரு பாட்டில். மூடியில் நம்பர். குளத்துப் படியில் குந்திக்கொண்டு பாட்டிலை வெயிலுக்குத் தூக்கிப் பார்க்கிற ஆளை ஊர் சும்மா விடுமா?

"இன்னா வேண்டுதல்பா?" என்றார் பூக்கட்டுகிற ஒருத்தர்.

"மாட்டுக்குங்க."

"மாட்டுக்கா! மாட்டுக்கு யாருப்பா இவ்ளோ செய்றான்? நல்லாரு, நல்லாரு."

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். மூன்றாம் நம்பர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றினேன். கண்ணை மூடிக் குடித்தார். பாட்டிலின் மேல் 'மாடுகளுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்ததை அவர் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை.

சிரித்தாயிற்றா? சரி.

6

மத்தியானம் உட்கார்ந்தேன். ஒரு கண்ணாடிக்குச் சாயம் ஏற அரைமணி. முதல் பாட்டில் நீலம். இரண்டாவது நீலம். மூன்றாவது, அந்த வெள்ளைக்காரர் குடித்தது, கொஞ்சம் தேவலை. நாலு, ஐந்து வீண். வாசலில் காசியம்மாள் இரண்டாம் நாளாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிங்காரிப்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆரோக்கியமாக இருந்தாள். டீக்கடையில் பன் வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

ஆறாவது பாட்டில்.*

சிவப்பணு வெளிர் ரோஜாவாக வந்தது. வெள்ளை அணுவின் நடு ஊதாவாக நின்றது. அப்புறம் பார்த்தேன். ஒரு சிவப்பணுவுக்குள் இரண்டு வேப்பங்கொட்டை, நுனியும் நுனியும் முட்டிக்கொண்டு. பக்கத்தில் இன்னொரு அணு, அதிலும் ஜோடி. அதற்கப்பால் இன்னும் ஒன்று.

"அடியாத்தி!" என்று கத்திவிட்டேன். காசியம்மாள் பன்னோடு ஓடிவந்தாள். அவளை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு கண்ணை மூடச் சொன்னேன்.

"இதா சார்? இத்துனூண்டா?"

"இதான். இதுங்க ரத்தத்தை உடைக்குது. ஒடைஞ்ச ரத்தம்தான் மூத்திரத்துல செவப்பா வருது. டாக்டர் வந்ததும் மஞ்ச ஊசி ஒண்ணு போட்டா டீச்சர் மாடு எழுந்துக்கும்."

"அப்ப மருந்து இல்ல?"

"மருந்து இல்ல. புல்லுல வெஷம் இல்ல."

இங்கேதான் அவள் அழுதாள். மைக்ராஸ்கோப்பின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி அழுதாள். நான் மூன்று பிரதிகளில் தப்பான இடத்தில் வைத்த அழுகை இது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க சார். காசியம்மா மேல தப்பு இல்லன்னு. நாலு பேரு கேட்டா காட்டணும்" என்றாள்.

"நாளைக்கு டாக்டர் வரட்டும், தரேன்" என்றேன்.

* எந்தத் தீர்த்தம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே அங்கே உண்டியல் வைத்துவிடுவார்கள். சாமி அருள் இருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அதில் சுண்ணாம்பு கம்மி.

7

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். தண்ணீர் கிடைத்தது, பூச்சி கிடைத்தது, ஏழைப் பெண் தப்பித்தாள், சுபம். பத்திரிகைக்காரர்கள் இரண்டு பக்கத்துக்கு இதைத்தான் கேட்பார்கள்.

ஆனால் பூச்சி தானாக ரத்தத்துக்குள் குதிக்காது. அதை உண்ணி கொண்டுவர வேண்டும். அந்தத் தெருவில் அத்தனை உண்ணி எப்படி வந்தது என்று யோசித்தபடி, வாசலில் கிடந்த புல்லுக்கட்டுக்குள் கையை விட்டு இழுத்தேன். சட்டைக் கையில் எள்ளைவிடப் பொடிசாக என்னவோ ஊர்ந்தது. நூறு இருக்கும், இருநூறு இருக்கும். உண்ணிக்குஞ்சுகள்.

"இதுவா சார்? கை பூரா அரிப்பு, ஒரு மாசமா" என்று காசியம்மாள் முழங்கையைக் காட்டினாள். தடிப்பு தடிப்பாக இருந்தது.

"எங்க அறுத்தே இதை?"

"கரைல, புங்கமரத்தாண்ட. அங்கதான் கொழுகொழுன்னு கீது."

சாயங்காலம், வெயில் இருக்கும்போதே, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். புங்கமரத்தடியில் தர்மவதி டீச்சர் குனிந்து நின்றிருந்தார். கையில் ஒரு கொட்டாங்குச்சி. அதை மெதுவாகச் சாய்த்துப் புல்லில் எதையோ இறக்கிக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். ரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பிய உண்ணிகள், பத்துப் பதினைந்து.

"நாட்டுமாட்டு மேல இருந்ததுங்க சார்" என்றார் டீச்சர், கொஞ்சம் வெட்கப்பட்டு. "எடுக்கலன்னா மாடு பாவம். நசுக்க மனசு வராது. கொட்டகையில விட்டா யாராச்சும் மிதிச்சிடுவாங்க. இங்க நெழல் இருக்கு, ஈரம் இருக்கு. பொழைச்சிப் போவட்டும்."

"எவ்ளோ நாளா டீச்சர்?"

"வருஷக்கணக்கா. தெனமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து இதுதான் வேலை."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.*

* ரத்தம் குடித்த ஓர் உண்ணி இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை போடும். தாய் குடித்த ரத்தத்தில் பூச்சி இருந்தால் முட்டைக்குள்ளும் போகும், குஞ்சுக்கும் வரும். நாட்டுமாடு அந்தப் பூச்சியை ரத்தத்தில் வைத்துக்கொண்டே ஆரோக்கியமாக அசைபோடும், ஜெர்சி தாங்காது. குஞ்சுகள் புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். அந்தப் புல்லை அறுத்துக் கட்டித் தலையில் வைத்து, புறப்பட்ட தெருவுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள் காசியம்மாள்.

8

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், என் முதுகில் தட்டினார், டீச்சர் மாட்டுக்கு மஞ்சள் ஊசி போட்டார், மாத்திரை எழுத உள்ளே போய்விட்டார். வாசலில் அதே கூட்டம். டீச்சர் தன் ஜெர்சியின் கயிற்றைப் பிடித்தபடி, அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"வெஷம் இல்ல ராஜேந்திரன்" என்றேன். "ரத்தத்துல பூச்சி. அன்னைக்கு நான் சரியாப் பாக்கல. தப்பு என்னுது."

இதைச் சொல்லத் தைரியம் வந்ததில் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. அது அரை நிமிஷம் நிலைத்தது.

"பூச்சி எப்டி சார் பூந்துச்சி?"

"உண்ணி கடிச்சி."

"எங்க தெருவுல ஏது சார் அவ்ளோ உண்ணி?"

"புல்லுல வந்துருக்கு."

"யாரு புல்லு?"

எல்லாத் தலையும் காசியம்மாள் பக்கம் திரும்பியது. காசியம்மாள் என்னைப் பார்த்தாள்.

இந்த இடத்துக்கு இப்போது இரண்டு முடிவு எழுதிப் பார்க்கிறேன்.

முதல் முடிவு. நான் கையை நீட்டி, "புல்லு மேல தப்பு இல்ல, அதுல உண்ணியை விட்டது டீச்சர்" என்கிறேன். டீச்சர் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே மண்ணில்... (இதற்கு மேல் எழுத முடியவில்லை. ஓர் எறும்பைக்கூட மிதிக்காமல் ஒதுங்கி நடக்கிற மனுஷி. இரண்டு பசு செத்தது அவர் கையால் என்று தெருவுக்கு நடுவில் நான் சொல்வதா?)

இரண்டாம் முடிவு. டீச்சரே முன்னால் வருகிறார். "காசியம்மாளை விடுங்க. நான்தான்" என்கிறார். கூட்டம் வாயடைத்துப்போகிறது. காசியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். (நன்றாகத்தான் இருக்கிறது. சுத்தப் பொய். டீச்சருக்குத்தான் ஒன்றும் தெரியாதே, எப்படிச் சொல்வார்? தெரிந்தவன் நான் ஒருவன்.)

நடந்தது இது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இனிமே புல்லை நல்லா ஒதறிப் போடுங்க" என்றேன்.

"ஒதறவும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றான் ராஜேந்திரன். "ஸ்டேஷனுக்குப் போவல. போதுமா? ஆனா இனிமே இவ கட்டு எங்க தெருவுல எறங்கக்கூடாது."

காசியம்மாள் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சீட்டைக் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

9

மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஜெர்சி எழுந்து நின்று தவிடு நக்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர், அந்த உண்ணிங்கள ஏரிக்கரைல விடாதீங்க. கல்லு ஒடைக்கிற எடத்தாண்ட, புல்லே இல்லாத பாறைல விடுங்க."

"ஏன் சார்?"

"கரை மாடு மேயற எடமாச்சே, அதான்."

டீச்சர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு "சரிங்க சார்" என்றார். அன்று முதல் பாறைக்கே போனார்.*

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒரு மாடுகூட அந்த நோயில் விழவில்லை. தெரு என்ன பேசியது தெரியுமா? "பாத்தீங்களா, காசியம்மா புல்லு நின்னுச்சி, சாவு நின்னுச்சி!" நோயை நிறுத்தியது நான். நான் பாதியை விழுங்கிச் சொன்ன அந்த யோசனை. அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மருந்துப்புல்லுக்காரி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் ஆறு வருஷமாகச் செங்கம் ரோட்டில் யாரோ தெரியாதவர்களுக்கு, பேர் சொல்லாமல் புல் போடுகிறாள். தீபச் சந்தைப் பட்டியல் எழுதுகிறவன் இதே ராஜேந்திரன்.

போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். தலை நரைத்திருந்தது.

"சார், அந்தச் சீட்டு?"

கிண்டலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்குப் புரியவில்லை. "திங்கக்கெழம தரேன்" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. இனி மாற்றமாட்டேன்.

* வெயில் அடிக்கிற வெறும் பாறையில் உண்ணி என்ன ஆகும் என்று டீச்சருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இந்தக் கேள்வி ஆறு வருஷமாக என்னைக் குடைகிறது. தெரிந்துதான் போனார் என்றால், நான் சொல்லாத பாதியும் அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

10

கடைசியில் சொல்கிறேன் என்றேனே. தேரடித் தெருவில் என்னை மடக்கி இதை எழுதச் சொன்னவர் நீங்கள்தான், டீச்சர். தர்மவதி என்பது நான் வைத்த பெயர். மற்றதெல்லாம் நீங்கள். இதுவரை 'கேட்பீர்கள்', 'தெரியுமா' என்று எழுதிக்கொண்டு வந்ததெல்லாம் உங்களைப் பார்த்துத்தான்.

நீங்கள் தண்ணீர்க் கதைதான் கேட்டீர்கள். ஐந்தாம் பகுதியில் அது இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டபோது நீங்கள் சிரிக்கவில்லை என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். 'சிரிக்கலாம்' என்று வாயால் சொன்னீர்கள், கண் என் முகத்திலேயே இருந்தது. ஒருவேளை நான் முழுசாகச் சொல்லவேண்டும் என்றுதான் கேட்டீர்களோ? எனக்குத் தெரியாது. கேட்காமலே தெரிந்துகொள்கிற சாமர்த்தியமும் எனக்கு இல்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் செய்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் செய்யாதவன் நான். ஆறு வருஷம் உங்கள் மனசு நோகக்கூடாது என்று காசியம்மாளை நோகவிட்டேன். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். பயம் என்பதுதான் சரி.

நாளை காலை எட்டு மணிக்கு இந்த நோட்டோடு உங்கள் வீட்டுக்கு வருவேன். திங்கட்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு ராஜேந்திரனிடம் போவேன். நீங்கள் கதவைத் திறக்காவிட்டாலும் போவேன். "புல்லில் உண்ணியை விட்டது பின்னே யார்?" என்று அவன் கட்டாயம் கேட்பான். இந்த முறை புல்லை உதறச் சொல்லிவிட்டு வரமாட்டேன். அந்தப் பதிலை நான் சொல்வதா, நீங்கள் சொல்வதா, அது ஒன்றைத்தான் உங்களிடம் விட்டிருக்கிறேன். காசியம்மாள் கேட்ட சீட்டைக் கீழே எழுதிவிட்டேன்.

1983 ஐப்பசியில் செத்த இரண்டு பசுக்களும் விஷத்தால் சாகவில்லை. உண்ணியால் வந்த ரத்தப் பூச்சியால் செத்தன. காசியம்மாள் புல்லை அறுத்தார், சுமந்தார், அவ்வளவே. அந்தப் புல்லில் உண்ணியை விட்டவர் அவர் இல்லை. அவர் மேல் தப்பு இல்லை.

கையெழுத்து:

1. க. சகாதேவன்

2.